புத்தளக் கரையும் உரிமை வரலாறுகளும்: ஒரு விமர்சன நோக்கு

வரலாறு எழுதப்படும்பொழுது ஒரு நாட்டில் வாழும் எல்லா மக்களின் குரலும் ஒரே அளவில் அதிற் பதிவதில்லை. தலைநகரங்களும் அரண்மனைகளும் நடுவே நிற்க, கரையோரங்கள் அவ்வரலாற்றின் ஓரத்திலேயே ஒதுங்கிக் கிடக்கின்றன. இலங்கையின் வடமேற்கிலே, தெற்கே மகா ஓயா தொடக்கம் வடக்கே மோதரகம் ஆறுவரை நீண்டு கிடக்கும் புத்தளம் மாவட்டத்தின் கரை இதற்குத் தக்க சான்றாகும். தமிழ் பேசும் முஸ்லிம்கள், சிங்களம் பேசும் கத்தோலிக்கர், தமிழ் பேசும் கத்தோலிக்கர், உடப்பு முதலிய ஊர்களில் வாழும் இந்துக்கள், உள்நாட்டுப் பௌத்தர் எனப் பல்வகை மக்கள் ஒரே களப்பையும் ஒரே கடலையும் நம்பி வாழும் நிலம் இது. எனினும் இந்நிலத்தைப் பற்றி எழுதப்பட்டவை, இம்மக்கள் எவ்வாறு சேர்ந்து வாழ்ந்தனர் என்பதைக் காட்டிலும், இந்நிலம் இவர்களுள் எவருக்கு உரியது என்பதையே பெரிதும் பேசி வந்துள்ளன.

இக்கரையைப் பற்றிய எழுத்துக்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவை எவர் பக்கம் நின்று எழுதப்பட்டன, எவ்வெவ் வளங்களைக் கருத்திற் கொண்டன, எதனைச் சொல்லாது விட்டன என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இலக்கிய விமர்சனத்தில் நாம் காவியத்துக்கும் நாவலுக்கும் பயன்படுத்தும் அளவுகோலை வரலாற்று எழுத்துக்கும் பயன்படுத்துவது தவறாகாது. கூறுவோன் யார், கேட்போன் யார், கூற்றின் பயன் யாது என்னும் வினாக்கள் இரண்டுக்கும் பொதுவானவையே.

பயணி கண்ட கரை

1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த அரபுப் பயணியான இப்னு பதூதா, தாம் இறங்கிய துறையைப் ‘பத்தாலா’ என்று குறிப்பிடுகின்றார். அஃது ஆரியச் சக்கரவர்த்தியின் நகரம் என்றும், அவ்வரசன் தம்மை மதிப்போடு வரவேற்றுப் பாவாத மலைக்குச் செல்ல உதவினான் என்றும் அவர் எழுதியுள்ளார். பத்தாலா என்பது புத்தளமே என்பது அறிஞர் பலரின் முடிபு.

இச்சிறு குறிப்பு பிற்காலத்தில் எத்தனை விதமாக வாசிக்கப்பட்டது என்பது சிந்திக்கற்பாலது. யாழ்ப்பாண அரசின் வரலாற்றை எழுதுவோர்க்கு இது அவ்வரசின் ஆதிக்கம் புத்தளம்வரை பரவியிருந்தமைக்குச் சான்று. முஸ்லிம்களின் தொன்மையை நிறுவ முனைவோர்க்கு இஃது அரபு வணிகரின் செல்வாக்குக்குச் சான்று. தென்னிலங்கை அரசுகளின் தொடர்ச்சியை வற்புறுத்துவோர்க்கோ இது சிறிது காலம் நிகழ்ந்த ஓர் அத்துமீறலின் பதிவு. மூவரும் ஒரே பந்தியை வாசிக்கின்றனர். மூவரும் அதில் ஒரே வினாவுக்கே விடை தேடுகின்றனர். அக்கரை அன்று எவருடையது என்பதே அவ்வினா.

ஆயின் அதே குறிப்பில் மூவரும் விரைந்து கடந்து செல்லும் வேறொரு செய்தி உண்டு. மலைநாட்டிலிருந்து வெள்ளம் அடித்துக் கொண்டுவந்த கறுவா மரங்கள் அக்கரையிலே குன்றுகள்போற் குவிந்து கிடந்தன என்றும், மாபார், மலபார்க் கரைகளிலிருந்து வந்தோர் விலை எதுவும் கொடாது அவற்றை எடுத்துச் சென்றனர் என்றும், அதற்குக் கைமாறாக அரசனுக்குத் துணி முதலியவற்றைக் காணிக்கையாக அளித்தனர் என்றும் பயணி கூறுகின்றார். இங்கே பேசப்படுவது ஒரு வளம்; அவ்வளத்தை எடுப்போர் வேற்று நாட்டார்; அரசன் அதற்கு வரி விதிக்கவில்லை, ஆனால் தன் தலைமையை அவர்கள் ஏற்பதற்கு அடையாளமாகக் காணிக்கை பெற்றான். ஆளும் உரிமை வேறு, எடுக்கும் உரிமை வேறு என இரண்டும் பிரிந்தும் ஒன்றையொன்று தழுவியும் நின்ற ஓர் ஏற்பாட்டை இதிற் காண்கின்றோம். அரசன் எந்த இனத்தவன் என்பதை விட இவ்வேற்பாடு இக்கரையின் வாழ்வை நன்கு விளக்குகின்றது எனலாம். அதனைக் கண்டுகொள்ளாமல் அரசனின் இனத்தை மட்டும் எடுத்துக்கொண்டமை நம் வரலாற்று வாசிப்பின் இயல்பைக் காட்டுகின்றது.

வென்றவர் பாடலும் தோற்றவர் பதவியும்

இக்கரையைப் பற்றிய இரண்டாவது முக்கிய எழுத்து ‘முக்கர ஹட்டன’ என்னும் சிங்களப் படைப்பாகும். பிற்கால ஏட்டுப் பிரதியாகவே அது நமக்குக் கிடைக்கின்றது. கோட்டை அரசன் ஆறாம் பராக்கிரமபாகு, 15ஆம் நூற்றாண்டிலே, புத்தளத்தைக் கைப்பற்றியிருந்த முக்குவரை அகற்றும்பொருட்டுக் காஞ்சிபுரம், காவேரிப்பட்டினம், கீழக்கரை ஆகிய இடங்களிலிருந்து வீரரை வருவித்தான் என்றும், அவர்கள் போரிட்டு வென்று நிலங்களையும் விருதுகளையும் பெற்றனர் என்றும் அது கூறும். கரையோரத்துக் கராவ சமூகத்தினரின் தோற்ற வரலாற்றை ஆராய்ந்தோர், குறிப்பாக 1961இல் அச்சமூகம் பற்றி நூல் எழுதிய எம். டி. ராகவன், இப்படைப்புக்குச் சிறப்பிடம் அளித்துள்ளனர்.

இப்படைப்பின் அமைப்பை நோக்கின் அதன் நோக்கம் எளிதிற் புலனாகும். போரை வருணிப்பது அதன் முதற் பணியன்று. போரின் முடிவில் எவரெவர் எவ்வெவ் நிலத்தையும் சின்னத்தையும் பெற்றனர் என்பதை நிலைநாட்டுவதே அதன் உயிர். அஃதாவது அஃது ஓர் உறுதிப்பத்திரம். பாடலின் உருவில் வந்த உறுதிப்பத்திரம். உறுதிப்பத்திரத்தில் எதிர்த்தரப்பினர் தோற்றுப்போனவராகவே இருத்தல் வேண்டும். ஆகவே அப்படைப்பிலே முக்குவர் தோற்று மறைகின்றனர்.

ஆனால் வாழ்க்கையில் அவர்கள் மறையவில்லை. ஒல்லாந்தர் காலத்திலும் அதன் பின்னரும் புத்தளப் பகுதியில் முக்குவத் தலைவர்கள் வன்னியர் என்னும் பட்டத்தோடு செல்வாக்குடன் இருந்தனர். புவனேகபாகு மன்னன் நவரத்தின வன்னியருக்கு வழங்கியதாகச் சொல்லப்படும் செப்பேடு அவர்கள் தரப்பின் உறுதிப்பத்திரமாகப் பேணப்பட்டது. எனவே ஒரே கரைக்கு இரண்டு உறுதிகள், இரண்டும் சிங்கள மன்னரின் பெயராலேயே எழுந்தவை. போரிட்ட இரு சாராரும் தென்னிந்தியக் கரைகளோடு தொடர்புடையவர். இரு சாராரும் தம் உரிமைக்கு இலங்கை மன்னனின் முத்திரையை நாடினர். இவர்களுள் ஒரு சாராரின் வழித்தோன்றல்களை இன்று சிங்களவர் என்றும் மற்றொரு சாராரைத் தமிழர் என்றும் பிரித்து, அப்போரை இன்றைய இனப்போரின் முன்னோடியாகக் காட்டுவோர் காலவழுவுக்கே இடமளிக்கின்றனர்.

இவ்விடத்திற் சைமன் காசிச்செட்டியை நினைவுகூர்தல் பொருத்தமானது. 1807இற் கற்பிட்டியிலே பிறந்து, 1834இல் ‘சிலோன் கசற்றியர்’ என்னும் இடவிவர நூலையும், 1859இல் ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் புலவர் வரலாற்று நூலையும் ஆங்கிலத்தில் வெளியிட்டவர் அவர். தமிழிலக்கிய வரலாற்று மாணவர் பின்னைய நூலை அறிவர். முன்னையதை அறிந்தோர் சிலரே. கற்பிட்டி மண்ணின் மைந்தராகவும், ஆட்சியாளரின் மணியகாரராகவும், பிற்காலத்திற் சிலாபத்து நீதிபதியாகவும் விளங்கிய அவர், ஊரிலே வழங்கிய வாய்மொழி மரபுகளையும் அலுவலகக் கோப்புகளையும் ஒருசேர அறிந்திருந்தார். முக்குவர், கரையார், முஸ்லிம்கள் ஆகியோரின் மரபுகளை அடுத்தடுத்து வைத்து எழுதிய அவரது முறை மதிக்கத்தக்கது. எனினும் அவர் நூலிலும் ஒரு குறை உண்டு. சாதி, சமயம், தொழில் எனப் பெட்டி பெட்டியாக மக்களை அடுக்கும் அம்முறை, அப்பெட்டிகளுக்கிடையே நாள்தோறும் நடந்த கொடுக்கல் வாங்கலைப் பதிவு செய்ய இடங்கொடுக்கவில்லை. மீன் பிடித்தவனும், அதை உப்பிட்டவனும், கொண்டுபோய் விற்றவனும் வெவ்வேறு பெட்டிகளில் இருக்கின்றனர்; மீன் மட்டும் எப்பெட்டியிலும் இல்லை.

பூர்வீகம் பற்றிய வழக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் விவாதம் கரையிலிருந்து கொழும்புக்கு நகர்ந்தது. பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றிய தமது கட்டுரையை 1888இல் ரோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் முன்வைத்தார். மொழி, வழக்கம், வரலாறு ஆகியவற்றை ஆதாரமாகக் கொண்டு, சோனகர் இனத்தால் தமிழரே என்பது அவர் வாதம். 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் இதற்கு விரிவான மறுப்பு எழுதினார். மொழி ஒருவனின் இனத்தைத் தீர்மானிப்பதில்லை என்றும், சோனகரின் மூதாதையர் அரபியர் என்றும் அவர் வாதிட்டார். இராமநாதனின் கட்டுரைக்குப் பின்னால் சட்டசபையிற் சோனகருக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வழங்கப்படுதலைத் தடுக்கும் நோக்கம் இருந்தது என்பதையும் அவர் சுட்டிக்காட்டத் தவறவில்லை. 1889இற் சட்டசபைக்குச் சோனகர் ஒருவர் நியமிக்கப்பட்டார் என்பதை நோக்க, இவ்விவாதம் வெறும் ஆராய்ச்சி விவாதமன்று என்பது தெளிவாகும்.

இவ்விருவரின் நியாயங்களைச் சீர்தூக்கித் தீர்ப்பு வழங்குவது இங்கு நமது பணியன்று. நாம் கவனிக்கவேண்டியது அவர்கள் முரண்பட்ட இடத்தையன்று, உடன்பட்ட இடத்தையே. ஒரு மக்கட் கூட்டத்தின் இன்றைய உரிமை அதன் பூர்வீகத்தால் நிர்ணயிக்கப்படும் என்னும் எடுகோளை இருவரும் கேள்வியின்றி ஏற்றனர். முன்னோர் காயல்பட்டினத்திலிருந்து வந்தாரா, அரபு நாட்டிலிருந்து வந்தாரா என்னும் வினாவுக்குச் சட்டசபை ஆசனம் பரிசாக வைக்கப்பட்டது. பரிசை வைத்தவர் பிரித்தானியர் என்பதை இரு தரப்பினரும் போதிய அளவு விசாரித்தாரல்லர். தனித்தனி இனம் என்று நிறுவுவோர்க்கே தனித்தனி ஆசனம் என்னும் ஆட்சிமுறை, மக்களைத் தம் பூர்வீகத்தைத் தேடும் வழக்காளிகளாக்கிற்று.

புத்தளக் கரையை இவ்வெடுகோளுக்கு உரைகல்லாகக் கொள்ளின் அதன் பலவீனம் வெளிப்படும். சிலாபம் தொடங்கித் தெற்கே நீர்கொழும்புவரை உள்ள கரையிலே, வீட்டிலும் கோயிலிலும் தமிழ் பேசிய கத்தோலிக்க மீனவர் பெருந்தொகையினர், இருபதாம் நூற்றாண்டிலே பாடசாலைமொழி சிங்களமாக மாற்றப்பட்டதன் பின்னர், இரண்டு மூன்று தலைமுறைக்குள் சிங்களவராயினர். அவர்களின் குருதி மாறவில்லை. தொழிலும் வலையும் கடலும் மாறவில்லை. மாறியது பாடசாலை. பாடசாலை மாறியதும் பதிவேடு மாறியது, பதிவேடு மாறியதும் ‘இனம்’ மாறியது. பூர்வீகமே உரிமையின் வேர் எனின் இவர்களின் உரிமை எங்கே வேரூன்றியுள்ளது? பாட்டன் தமிழன் என்பதால் அஃது அற்றுப்போயிற்றா? பேரன் சிங்களவன் என்பதால் அது புதிதாய்த் தோன்றிற்றா? அபத்தமான இவ்வினாக்கள், எடுகோளின் அபத்தத்தையே சுட்டுகின்றன.

நடுவர் வேடம் பூண்ட அரசு

சமூகங்களின் வரலாறுகள் பக்கச்சார்பானவை, அரசின் ஆவணங்களோ நடுநிலையானவை என்னும் நம்பிக்கை நம்மிடையே பரவலாக உண்டு. இதுவும் ஆராயப்பட வேண்டியதே.

ஒல்லாந்தர் 1667 தொடக்கம் 1676 வரையுள்ள காலத்திற் கற்பிட்டியிற் கோட்டை கட்டினர். களப்பின் வாயிலைக் காப்பதும், கண்டி அரசு புத்தளத்தின் வழியே நடத்திய வாணிகத்தைக் கட்டுப்படுத்துவதுமே அதன் பயன். மலைநாட்டு மக்களுக்கு உப்பு இக்கரையிலிருந்தே பெருமளவிற் சென்றது. உப்பின் வழியை அடைத்தவன் மலையின் குரல்வளையைப் பிடித்தவனாவான். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையாற் கண்டி அரசு தன் கரையோரம் முழுவதையும் இழந்தபொழுது, உப்பு எடுக்கும் உரிமையைப் பற்றி உடன்படிக்கையிலே தனியாகப் பேசவேண்டியிருந்தமை, அவ்வளத்தின் அருமையை உணர்த்தும்.

பிரித்தானியர் உப்பை அரசின் தனியுரிமையாக்கி அதனை வருமான வழியாகக் கொண்டனர். இயற்கையாக விளைந்த உப்பை அள்ளுவது அதற்குமுன் ஊரவரின் வழக்கம். சட்டம் வந்தபின் அது குற்றம். 1908இற் பிராங்க் மொடர் வெளியிட்ட புத்தளம் மாவட்ட இடவிவர நூல்போன்ற எழுத்துக்கள் இம்மாற்றத்துக்குப் பிந்தியவை. அவை அரிய செய்திகளின் களஞ்சியங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆட்சியாளனின் மேசையிலிருந்து பார்க்கும்பொழுது, உப்பு ஒரு வருமானத் தலைப்பாகவும், காடு முடிக்குரிய நிலமாகவும், மக்கள் அவ்விரண்டையும் சேதப்படுத்தக்கூடியவராகவுமே தோன்றுவர். அரசு இவ்வழக்கில் நடுவர் அன்று. அதுவும் ஒரு வழக்காளியே. வேறுபாடு யாதெனின், ஏனைய வழக்காளிகள் தம் உறுதிகளைத் தாமே எழுதி நீதிமன்றத்துக்குக் கொண்டுவர வேண்டும். அரசோ உறுதியையும் எழுதும், நீதிமன்றத்தையும் நடத்தும்.

சுதந்திரத்தின் பின்னரும் இந்நிலை அடிப்படையில் மாறியதாகக் கூறமுடியாது. 1980களிலே புத்தளம் களப்பையும், முந்தல் களப்பையும், அவற்றை இணைக்கும் ஒல்லாந்தர் கால்வாயையும் சுற்றி இறால் வளர்ப்பு விரைந்து பரவிற்று. ஏற்றுமதி வருமானம் என்னும் பெயராற் கண்டற் காடுகளும் உவர்நிலங்களும் பண்ணைகளாயின. கண்டலின் வேரடியிலே மீன் பெருகும் என்பதைச் சிறுதொழில் மீனவன் அறிவான். அவ்வறிவு திட்ட ஆவணங்களில் இடம்பெறவில்லை. ஒரு பண்ணை கழிவுநீரை விட்ட கால்வாயிலிருந்தே அடுத்த பண்ணை நீரை இறைத்தது. விளைவாக 1996இற் பரவிய வெண்புள்ளி நோய் பண்ணை பண்ணையாகத் தாவி அத்தொழிலை நிலைகுலையச் செய்தது. பண்ணையாளரைப் பொறுத்தவரை இது நோயின் வரலாறு. அரசைப் பொறுத்தவரை ஏற்றுமதிப் பின்னடைவின் வரலாறு. களப்பு மீனவனைப் பொறுத்தவரையோ, கைவிடப்பட்ட குளங்கள் நிறைந்த, கண்டல் திரும்பிவராத ஒரு கரையின் வரலாறு. மூன்றும் ஒரே நிகழ்ச்சி.

நுரைச்சோலை அனல்மின் நிலையமும் இத்தகையதே. 2006இல் நிருமாணம் தொடங்கப்பெற்று, 2011இல் முதற்கட்டம் இயங்கி, 2014இல் 900 மெகாவாற்று வலுவை எட்டிய அந்நிலையம், நாட்டின் மின்னுக்கு இன்றியமையாதது என்பது கொழும்பின் நோக்கு. தலவில புனித அன்னாள் திருத்தலத்துக்கு அண்மையிலுள்ள அக்கரையிலே அது அமைவதைக் கத்தோலிக்கத் திருச்சபையும் மீனவரும் எதிர்த்தனர். மின்விளக்கின் ஒளி நாடெங்கும் பகிரப்பட்டது. நிலக்கரியின் தூசி பகிரப்படவில்லை. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து உயிர்கள் பலியான பின்னர், தலைநகரின் குப்பைக்கு மாற்றிடமாகத் தெரிவானதும் இம்மாவட்டத்தின் அறுவைக்காடே. 2019இற் குப்பை அங்கு கொண்டுவரப்பட்டபொழுது புத்தளம் மக்கள் மாதக்கணக்காகப் போராடினர். தலைநகரின் பார்வையில் இக்கரை எதையேனும் எடுத்துக்கொள்ளும் இடம் அல்லது எதையேனும் கொட்டும் இடம் என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்தும்.

வந்தோரும் இருந்தோரும்

1990 ஒக்டோபரின் இறுதி நாள்களில் வடமாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர் விடுதலைப் புலிகளாற் சொந்த மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் அடைக்கலம் புகுந்தது புத்தளம் மாவட்டத்திலேயே. கற்பிட்டிக் குடாநாட்டிலும் புத்தளம் நகரைச் சூழவும் ஓலைக்குடில்களில் முகாம்கள் எழுந்தன. ஊரவர் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்து அவர்களை ஏற்றனர், சமைத்துக் கொடுத்தனர், நிலம் கொடுத்தனர். இது மறக்கற்பாலதன்று.

ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல, வந்தோருக்கும் இருந்தோருக்கும் இடையே பிணக்குகள் தோன்றின. தோட்டங்களிலும் உப்பளங்களிலும் கூலி குறைந்தது என்று இருந்தோர் முறையிட்டனர். களப்பிலே வலைகள் பெருகின. குடிநீருக்கும் பாடசாலை இடத்துக்கும் போட்டி ஏற்பட்டது. வந்தோரின் வாக்குரிமை தொடர்ந்து வடக்கிலேயே பதிவாகியிருந்தமையால், வாழ்வு ஓரிடத்திலும் வாக்கு வேறிடத்திலுமாக அவர்கள் வாழ்ந்தனர். அவர்கள் பயன்படுத்திய பாதைக்கும் கிணற்றுக்கும் பொறுப்பான உள்ளூராட்சிக்கு அவர்கள் ‘நம்மவர்’ அல்லர். அவர்களின் வாக்கைப் பெற்றவரோ அப்பாதைக்குப் பொறுப்பானவர் அல்லர். பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியற் பேராசிரியர் காலஞ்சென்ற எஸ். எச். ஹஸ்புல்லா இம்மக்களின் இழப்புகளையும் நிலையையும் பல்லாண்டு முயன்று பதிவு செய்தார்.

இப்பிணக்கு நமக்கு ஒரு முக்கிய உண்மையைக் கற்பிக்கின்றது. இங்கே இரு தரப்பினரும் முஸ்லிம்கள். இரு தரப்பினரும் தமிழ் பேசுவோர். இனமும் சமயமும் மொழியுமே குழுக்களைப் பிரிக்கின்றன எனின் இப்பிணக்கு எழுந்திருக்க இடமில்லை. எழுந்தது, ஏனெனில் வளம் குறைவு, அதைப் பகிரும் நிருவாகம் முறையற்றது. இராமநாதனும் அஸீஸும் கொழும்பிலே வாதிட்ட பூர்வீக எடுகோள், முகாமின் வேலியோரத்திலே ‘முன்னர் வந்தவர் யார்’ என்னும் வினாவாக மீண்டும் உருவெடுத்தது.

எல்லாம் நோக்குநிலை மட்டுந்தானா?

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, வரலாறு என்பது அவரவர் நோக்குநிலையே, உண்மை என ஒன்று இல்லை என்னும் முடிவுக்கு எவரேனும் வருவாராயின், அது பிழையான முடிவாகும். இரு காரணங்களை இங்கு கூறவேண்டும்.

முதலாவது, நோக்குநிலைகள் பலவாயினும் அவற்றின் வலிமை ஒன்றல்ல. உப்புச் சட்டத்தை எழுதியவனின் நோக்கும், அச்சட்டத்தாற் குற்றவாளியான ஊரவனின் நோக்கும் தராசின் இரு தட்டுகளிற் சமமாக நிற்பனவல்ல. ஒன்று அச்சேறி நூலகத்தில் இருக்கின்றது; மற்றது தண்டப்பணப் பதிவேட்டில் ஒரு வரியாக மட்டுமே எஞ்சுகின்றது. இரண்டையும் ‘இரு தரப்பு’ என்று மட்டும் கூறி அமைவது நடுநிலைபோலத் தோன்றினும், உண்மையில் வலியவன் பக்கம் சாய்வதேயாகும்.

இரண்டாவது, சில நிகழ்ச்சிகள் நோக்குநிலைக்கு அப்பாற்பட்ட உண்மைகள். 1990 வெளியேற்றம் களப்பிலே மீன் குறைந்தமையால் நிகழவில்லை. வளப் போட்டி என்னும் விளக்கத்தை எங்கும் பொருத்த முயல்வோர் இங்கு தடுமாறுவர். ஒரு மக்கட் கூட்டம், அது முஸ்லிம்களாய் இருந்தமை ஒன்றினாலேயே, ஆயுதமுனையில் வேரோடு அகற்றப்பட்டது. அதனைச் செய்தோர் தமிழரின் பெயராற் செய்தனர். தமிழ்ச் சங்கமொன்றின் ஏட்டிலே இக்கரையைப் பற்றி எழுதும் எவரும் இதனை மென்மையான சொற்களாற் கடந்து செல்லுதல் தகாது. யாழ்ப்பாண அரசின் எல்லை புத்தளம்வரை பரவியிருந்ததா என்று பக்கம் பக்கமாக எழுதிய நமது ஆய்வுலகம், யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் புத்தளம்வரை நடந்து வந்த பாதையைப் பற்றி எவ்வளவு எழுதியுள்ளது என்பதை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். இன்னொரு தரப்பின் வரலாறு உறுதிப்பத்திரம் என்று காட்டுவது எளிது. நம் தரப்பினதும் அத்தகையதே எனக் காண்பதற்குத்தான் விமர்சனம் தேவைப்படுகின்றது.

அவ்வாறாயின் இக்கரையின் வரலாற்றை எழுதும் முறை யாது? பாடு என்னும் ஏற்பாட்டை இங்கு நினைத்துப் பார்க்கலாம். கரைவலைத் தொழிலில் ஒரு கரைத்துண்டில் வலை வளைக்கும் உரிமை முறை வைத்துப் பகிரப்படும். இன்று ஒருவன், நாளை இன்னொருவன். முறை தவறினால் வழக்கு எழும். ஊர்ப் பெரியவர் தீர்ப்பர். இம்முறையை இலட்சியமாக்கிக் காட்டுவது நமது எண்ணமன்று. சம்மாட்டிக்கும் வலை இழுக்கும் கூலிக்கும் இடையே பங்கு ஒருபோதும் சமமாய் இருந்ததில்லை. பெண்களின் உழைப்பு பங்குக் கணக்கில் அரிதாகவே சேர்ந்தது. பருவத்துக்கு வேற்றூரிலிருந்து வந்து தீவுகளில் வாடி அமைப்போர்க்கும் உள்ளூரார்க்கும் இடையே பூசல்கள் நிகழ்ந்தன. ஆனால் அம்முறை கேட்ட வினா வேறு. ‘உன் முப்பாட்டன் எங்கிருந்து வந்தான்’ என்று அது கேட்கவில்லை. ‘உன் முறை எப்போது, எத்தனை பேர் இழுத்தனர், எவ்வளவு பட்டது’ என்றே கேட்டது. இப்னு பதூதாவின் கறுவாக் குவியலையும், 1766 உடன்படிக்கையின் உப்பையும், கரைவலையின் பாட்டையும் ஒரே வரிசையில் வைத்து வாசிப்போமாயின், எவர் ஆண்டார் என்பதற்குப் பதிலாக எவர் எவரோடு எவ்வாறு பகிர்ந்தார், அப்பகிர்வு எப்போது, எவரால் குலைந்தது என்று கேட்கும் ஒரு வரலாறு உருப்பெறும். அவ்வரலாற்றிலே அரசனுக்கும் இடமுண்டு, கூலியாளுக்கும் இடமுண்டு, முகாமிலே பிறந்து வளர்ந்தவனுக்கும் இடமுண்டு.

இதற்கான ஆதாரங்கள் முற்றாக அழிந்துவிடவில்லை. கரைவலைப் பாடுகளின் முறைப் பட்டியல்கள் ஊர்ச் சங்கங்களிலும், கோயில், பள்ளிவாசல், தேவாலயக் கணக்கேடுகளிலும் இருக்கக்கூடும். உப்பளத்தில் உழைத்த முதியோரின் நினைவுகள் இருக்கின்றன. சிலாபக் கரையிலே தமிழிற் செபம் சொல்லும் பாட்டிமார் இன்னும் சிலர் இருக்கின்றனர். 1990இல் நடந்து வந்தோருட் பலர் நம்மிடையே வாழ்கின்றனர். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் நடத்தும் விழாக்களுக்குச் செலவிடும் முயற்சியில் ஒரு பகுதியையேனும், சிங்கள, முஸ்லிம் மாணவரையும் இணைத்துக்கொண்டு, இவற்றைத் திரட்டுவதற்குச் செலவிடுமாயின், புத்தளக் கரையைப் பற்றி அடுத்துவரும் தலைமுறை எழுதும் நூல் இன்னுமோர் உறுதிப்பத்திரமாய் அமையாது.